ஸ்டெல்லா குவாலிட்டி

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "அடடே, அந்தத் தங்கமான மனுசரையா இப்படிப் பேசறீங்க?" என்று யாராவது என்னிடம் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் அவர் தங்கம்தான். எனக்கு அப்படியில்லை. இன்றைக்கும் சோறு தின்னும்போது அவர் நினைவு வந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிடுவேன்.

முதலில் அந்த நாக்கைச் சொல்ல வேண்டும். எந்தத் துணியைத் தொடுவதாக இருந்தாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாக்கில் ஒரு தடவை ஒற்றிக்கொள்வார். அந்த ஈர விரல்களால் துணியின் ஓரத்தைப் பிடித்து நெருடுவார். கண் தானாக மூடிக்கொள்ளும். வாய் லேசாகப் பிளந்துகொள்ளும். "நூத்தி அறுவது ஜிஎஸ்எம்முங்க. முப்பதாம் நம்பர் நூலு. ரெண்டு வாட்டி தொவச்சது" என்பார். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வெட்டி எடை போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அப்படியே இருக்கும். அந்தத் திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எச்சில் பட்ட துணியை அடுத்தபடியாகக் கையில் வாங்க வேண்டியவள் நான். சீ!

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் அப்போது மெர்ச்சன்டைசர். வெள்ளகோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். அவர் எங்கள் பேப்ரிக் மேனேஜர். துணியைத் தேர்ந்தெடுப்பது அவர் வேலை. அவர் கொடுக்கிற துண்டை அட்டையில் பின் அடித்து, அதற்கு ஒரு பெயர் எழுதி, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு ஓர் அட்டையும் எங்கள் ஃபைலுக்கு ஓர் அட்டையுமாக வைப்பது என் வேலை. பக்கத்துப் பக்கத்து மேஜை. தப்பிக்க வழியே இல்லை.

அவர் சட்டைப்பையில் எப்போதும் மூன்று சாமான் இருக்கும். பழனி விபூதிப் பொட்டலம், நூல் வெட்டும் ட்ரிம்மர், ஒரு லைட்டர். சிகரெட் பிடிக்காத மனிதருக்கு லைட்டர் எதற்கு? துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் புகையை மோந்து பார்ப்பதற்கு. காகிதம் எரிந்த வாசம் வந்தால் காட்டன், உருண்டு பிளாஸ்டிக் நாற்றம் அடித்தால் பாலியஸ்டர். இதைத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வார்கள்தான். ஆனால் கம்பெனித் துணியில் செய்வார்கள். இவர் ஆள் மேல் கிடக்கிற துணியிலேயே செய்வார்.

நான் சேர்ந்த வருசம் ஆயுத பூஜைக்கு என் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பொரியும் சுண்டலும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, சித்தெ அந்த முந்தியக் காட்டுங்க. ஒரே ஒரு நூலுதானுங்க."

அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? முந்தானையை நீட்டினேன். நாக்கு வெளியே வந்தது, விரல் வந்தது, நூல் வந்தது, அடுத்த நொடி ட்ரிம்மர் டிக்கென்று ஒரு சத்தம் போட்டது. முந்தானை ஓரத்தில் நகம் அளவுக்கு ஓட்டை. உடுத்தின துணியில் ஊசிகூட ஏற்றக் கூடாது என்கிற வீட்டிலிருந்து வந்தவள் நான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நெசவு. இருந்தும் என் வாயிலிருந்து வந்தது, "பரவாயில்லீங்க சார்." கையிலிருந்த சுண்டலைத் தின்னாமல் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் எனக்கு ஒரு புதுச் சேலை வாங்கி வந்து மேஜையில் வைத்தார். அதுதான் அவர் வழக்கம். வெட்டுவார், பதிலுக்குப் புதுசாக ஒன்று கொடுப்பார். கட்டிங் செக்‌ஷனில் ஒரு பீகார்க்காரர் கழுத்தில் போட்டிருந்த துண்டில் இப்படித்தான் ஓரத்தை நறுக்கினார். அந்த மனிதர் பதறிப்போய், "அரே, க்யா கர் ரஹே ஹோ சாப்?" என்று கத்தினார். இவர் சிரித்துக்கொண்டே இரண்டு புது பனியனை அவர் தோளில் போட்டார். அதற்குப் பிறகு அந்த பீகார்க்காரர் இவரைக் கண்டால் எழுந்து நின்று சலாம் வைப்பார். அந்தத் துண்டு அவருக்கு யார் கொடுத்ததோ, எந்த ஊரில் வாங்கியதோ, யாருக்குத் தெரியும்!

அவருடைய மச்சான் செத்துப்போனபோது கம்பெனியிலிருந்து நாலைந்து பேர் மாலை வாங்கிக்கொண்டு கணியூர் போனோம். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கோடித் துணி போர்த்திக்கொண்டிருந்தார்கள். இவர் உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். மூக்கு ஒழுகி மேலுதட்டில் நின்றது. அந்த அழுகைக்கு நடுவிலேயே விரல் நாக்குக்குப் போய்விட்டது. மச்சானின் நெஞ்சின்மேல் கிடந்த புது வேட்டியை நெருடிப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"நாப்பதாம் நம்பர்னு சொல்லி வித்துருக்கறானுங்க அம்மிணி. முப்பத்தி நாலுகூட வராதுங்க. செத்தவருக்குப் போட்டதுல போயி இப்பிடிப் பண்ணலாமுங்களா?"

தலைமாட்டில் அவருடைய அக்கா மாரடித்துக்கொண்டு கிடக்கிறாள். இவர் வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவிச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில். கருமம், கருமம் என்று நான் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் முனகிக்கொண்டு வந்தேன்.

இந்த மனிதரை ஏன் எல்லோருக்கும் பிடித்தது என்றால், அவர் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. டைலர்கள் லீவு கேட்டால் மறுக்க மாட்டார். பழனிக்குப் போய்வந்தால் ஒரு மேஜை விடாமல் பஞ்சாமிர்தம் வைப்பார். பஞ்சாமிர்தத்தை நக்கின விரலையும் சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த துணி ரோலைத் தொடுவார் என்பது வேறு விசயம். அது யார் கண்ணிலும் படவில்லை, என் கண்ணில் மட்டும் பட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு பையர் பிறந்த குழந்தைகளுக்கான உடுப்பு கேட்டிருந்தார். நாங்கள் அனுப்பிய துணி ஒவ்வொன்றும் திரும்பி வந்துகொண்டிருந்தது. இன்னும் மிருதுவாக, இன்னும் மிருதுவாக என்று ஒரே பல்லவி. இவருக்கு அது ஒரு பைத்தியமாகவே பிடித்துவிட்டது. கோவிலில், கல்யாணத்தில், பஸ்ஸில், எங்கே குழந்தையைக் கண்டாலும் கொஞ்சுகிற சாக்கில் அதன் துணியைப் பிடித்துவிடுவார். "கண்ணு, சாமி" என்று கன்னத்தைக் கிள்ளுகிற கையே சட்டையின் விளிம்பையும் நெருடும். தாய்மார்கள் பூரித்துப்போய் நிற்பார்கள். 

ஸ்டெல்லா எங்கள் கம்பெனியில் தைத்த உடுப்பைக் குறை பார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் இருந்தாள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஏதோ கடலோர ஊர். புருசனோடு திருப்பூர் மண்ணரையில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தாள். இரண்டு வருசத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு பெண் குழந்தை மாதம் நிறைந்து செத்துப் பிறந்தது. அதிலிருந்து அவளுடைய சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்குக் கீழே ஒரு துணி மடித்துக் கிடக்கும். டீ நேரத்தில் பைக்குள் கையை விட்டுத் தடவிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் கேட்டேன். சொன்னாள்.

"எங்கம்மா தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கா. பழனிக்கு மேல ஒரு மலை உச்சியில கான்வென்ட் இருந்துச்சாம், அங்க சிஸ்டர்மாருதான் வளத்தாங்க. நான் பொறந்தப்ப அங்க இருந்த ஒரு வயசான சிஸ்டர் கைமெஷின்ல பின்னிக் குடுத்து விட்ட துணிக்கா இது. என்னைய இதுலதான் சுத்துனாங்க. எம் பிள்ளையையும் இதுல சுத்தித்தான் எங்கையில தந்தாங்க. ஒரு மணி நேரம் வச்சிருந்தேன். பொறவு புதுச் சட்டை போட்டுப் பெட்டியில வச்சிட்டாங்க. துணி மட்டும் எங்கூட வந்துட்டு."

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டதாம். குடிக்கப் பிள்ளை இல்லை. அந்தத் துணியை மாரில் அழுத்தி வைத்துக்கொண்டாளாம். அன்றிலிருந்து துவைக்கவே இல்லை. தூங்கும்போது முகத்தில் போட்டுக்கொள்வாள், இல்லாவிட்டால் தூக்கம் வராது. புருசன் பிடுங்கப் பார்த்தான், முடியவில்லை. கடைசியில் அவள் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். கான்வென்ட் இப்போது பாழடைந்து கிடக்கிறது, ஆனாலும் மாதா இருந்த இடம் மாதா இருந்த இடம்தான். துணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே கொண்டுபோய் முழுசாக ஒப்படைத்துவிட்டு வா. அப்போதுதான் நீ தூங்குவாய், அடுத்த பிள்ளைக்கும் உன் மனசு இடம் கொடுக்கும்.

"எனக்கு அந்த எடம் தெரியாதுக்கா. தனியாப் போகவும் பயமாருக்கு" என்றாள் ஸ்டெல்லா.

அவளைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். இதை ஒளிக்கக் கூடாது. ஒரு பெரிய ஷிப்மென்ட் முடிந்து கம்பெனி எங்களுக்கு வேன் வைத்துக் கொடுத்தது. பழனிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவதாகத் திட்டம். ஸ்டெல்லாவுக்கு மலையில் ஏதோ வேண்டுதல் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் போட்டார்கள்.

"அதுக்கென்னங்க கண்ணு, போலாமுங்க. முருகனையும் பாத்துக்கலாம், மாதாவையும் பாத்துக்கலாம். ரெண்டுக்கும் மலைதான ஏறோணும்?" என்றார். வேனே கைதட்டியது.

வேன் ஒரு காபி எஸ்டேட் கேட்டோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் காட்டுப் பாதை, நடைதான். மற்றவர்கள் கீழேயே போட்டோ எடுத்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். ஸ்டெல்லா, நான், அவர், வழி காட்ட எஸ்டேட் வாட்ச்மேன், ஆக நாலு பேர் ஏறினோம். மழை விட்டு ஈரம் காயாத காடு. காட்டெருமைச் சாணி வழியெங்கும் குவியல் குவியலாக. பலாப்பழம் விழுந்து அழுகி, அந்த வாடை தொண்டைக்குள் இறங்கியது. அட்டைப்பூச்சி ஒன்று என் செருப்புக்குள் புகுந்து கொழுத்துத் தொங்கியது. நான் அலறினேன். அவர் குனிந்து தன் காலில் கடித்த அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, ரத்தம் ஊறின சாக்ஸை நெருடினார். "ரத்தம் பட்டதும் எலாஸ்டிக் தளந்துருச்சுங்க. சரக்கு சரியில்லீங்க" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஸ்டெல்லா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

கான்வென்ட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஆத்திரத்தில். கூரை இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு ஆலம்வேர் இறங்கியிருந்தது. அது மழையும் காலமும் செய்த வேலை, போகட்டும். மனிதர்கள் செய்து வைத்திருந்ததுதான் பொறுக்கவில்லை. பிள்ளைகள் படுத்துத் தூங்கிய நீள அறை முழுக்க பீர் பாட்டில். சுவர் முழுக்கக் கரியால் காதலர் பெயர்கள், கெட்ட வார்த்தைகள். மூலைக்கு மூலை மூத்திர நாற்றம், மேலே வௌவால் எச்சம். "ஞாயித்துக்கெழமை ஆனா பைக்கப் போட்டுட்டு வந்துர்றாங்கம்மா. சொன்னா அடிக்க வாராங்க" என்றார் வாட்ச்மேன். ஸ்டெல்லா மூக்கைப் பொத்தவில்லை. "எங்கம்மா இந்தப் படியிலதான் உக்காந்து வாசிச்சிருப்பா" என்று ஒரு படியைத் தொட்டுப் பார்த்தாள். அது அவள் அம்மா உட்கார்ந்த படிதான் என்று அவளுக்கு யார் சொன்னது? இருந்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது.

கோயில் பகுதி மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. மாதா சுரூபத்தை எப்போதோ எடுத்துப் போய்விட்டார்கள். சுரூபம் இருந்த மாடம் மட்டும் இருந்தது, அதில் எஸ்டேட் பெண்கள் ஏற்றிய மெழுகுவர்த்தியின் மிச்சம். ஸ்டெல்லா தழையை ஒடித்து அந்த இடத்தைப் பெருக்கினாள். தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து மாடத்தைக் கழுவித் தன் துப்பட்டாவால் துடைத்தாள். துணியை நாலாக மடித்து உள்ளே வைத்து, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்தாள். முழந்தாளிட்டு வெகுநேரம் ஜெபம் பண்ணினாள். எழுந்து என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"அக்கா, கை லேசாருக்கு" என்று சிரித்தாள். இரண்டு வருசத்தில் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பின்பக்கம் சிஸ்டர்களின் கல்லறை இருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். அந்த வயசான சிஸ்டரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டெல்லா அவரோடு ஓடினாள். நானும் போனேன். பாதி வழியில்தான் குடையை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன்.

அவர் மாடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கல் கீழே கிடந்தது. துணி அவர் கையில் விரிந்திருந்தது. கண் மூடியிருந்தது, வாய் பிளந்திருந்தது. இடது கையில் ஒரு நூல் எரிந்து முடிந்து புகைந்துகொண்டிருக்க, அந்தப் புகையை மூக்கு விடைக்க இழுத்துக்கொண்டிருந்தார். நாக்கு ஒருமுறை வெளியே வந்து விரலை நனைத்துவிட்டு உள்ளே போனது. அந்த விரல் துணியில் போய் உட்கார்ந்தது.

"அம்மிணி! வாங்க, வாங்க. கெடச்சிருச்சுங்க! இத்தன மாசமா நாம தேடுனது இங்க இருக்குதுங்க. சித்தெ தொட்டுப் பாருங்க."

"சார், அதக் கீழ வைங்க. அது என்ன துணின்னு தெரியுமுங்களா?"

தெரியாது என்றார். ஸ்டெல்லா என்னிடம் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். செத்த பிள்ளையைச் சுற்றின துணி என்றேன். துவைக்காமல் வைத்திருக்கிறாள் என்றேன். பாலைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண் கலங்கிவிட்டது. "அட, பாவமே. அட, முருகா" என்றார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பாடா, இந்த மனிதருக்குள்ளும் ஏதோ இருக்கிறது என்று நான் நினைத்தேன். அவர் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"அதானுங்க நானும் பாத்தேன், என்ன மஞ்சளா இருக்குதுன்னு. பால் கறைங்க இது. சும்மா தொவச்சா போகாதுங்க, பயோ வாஷ் போட்டாத்தான் போகும்."

சொல்லிக்கொண்டே ட்ரிம்மரை எடுத்தார். ஒரு மூலையை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினார். மீதியை வெட்டின பக்கம் உள்ளே போகும்படி மடித்து, மாடத்தில் வைத்து, கல்லையும் எடுத்து அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். அவ்வளவு பதவிசாக வைத்தார்.

"நாலு மூலைல ஒரு மூலதானுங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க" என்று கையெடுத்து அந்த மாடத்தைக் கும்பிட்டார்.

நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த விரல்கள் என் நெற்றியில்! "மலை ஏறுனது ஒத்துக்கலைங்களாட்ட இருக்குது" என்றார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அதற்கும் அவர் கோபப்படவில்லை.

ஸ்டெல்லாவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் கல்லறையிலிருந்து காட்டுப் பூவோடு வந்தாள், பெயரைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். இறங்கும்போது முழுக்கப் பாடிக்கொண்டே இறங்கினாள். வேனில் என் தோளில் சாய்ந்தவள் திருப்பூர் வரைக்கும் எழவில்லை. வாய் திறந்து, குறட்டை விட்டு, அப்படி ஒரு தூக்கம். இவளை எழுப்பி எதைச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவர் அந்தத் துண்டை மூன்றாக வெட்டி என் மேஜைக்குக் கொண்டு வந்தார். ஒன்று பையருக்கு, ஒன்று ஃபைலுக்கு, பெரியது சோதனைக்கு லேபுக்கு. அவர் முகத்தில் அறைந்தாற்போல் இதைத் தொட மாட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பின் மெஷினை எடுத்து இரண்டு அட்டையிலும் அடித்தேன்.

"பேரு என்னங்க சார் போடறது?" என்று கேட்டேன். எந்தத் துணிக்கும் அதைக் கேட்பது என் பழக்கம்.

 "ஸ்டெல்லான்னு போட்டுருங்க அம்மிணி. அந்தப் புள்ளையாலதான கெடச்சுது" என்றார். எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், பையர்களே பாராட்டுவார்கள்.

பையருக்கு அந்தத் துணி பிடித்துவிட்டது. அதே போலவே பின்னி, பயோ வாஷ் போட்டு, ரோல் ரோலாக வந்து இறங்கியது. அதிலிருந்து கம்பெனி முழுக்க ஒரே பேச்சு. ஸ்டெல்லா வந்தாச்சா? ஸ்டெல்லா ரெண்டு ரோல் ஷேடு மாறிடுச்சு. ஸ்டெல்லாவக் கட்டிங்குக்கு ஏத்து. செக்கிங்கில் இருக்கிற பெண்கள் ஸ்டெல்லாவைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தார்கள். அவளுக்கும் முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. ஒருநாள் குழந்தைகள் போடுகிற ராம்பர் தைத்து முடிந்து அவள் மேஜைக்கு வந்தது. அவர் அந்தப் பக்கமாக வந்தார். ஏன் சார் எம் பேர வச்சிய என்று கேட்டாள்.

அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்று அவருக்குத் தோன்றினால்தானே ஒளிப்பார்? மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

"உம்பட துணிதானுங்க கண்ணு இது. அன்னைக்கு மலைல வச்சீங்கல்ல, அதுல ஒரு மூலைய எடுத்துட்டு வந்துதான் இத்தனையும் பண்ணுனோம். இனி எத்தன நாட்டுக் கொழந்தைக உம்பட துணில தூங்கப் போகுதுன்னு பாருங்க. பெருமையா இருக்குதுங்களா?"

அந்த வரிசையில் இருந்த மெஷின் சத்தம் எதுவும் நிற்கவில்லை. ஸ்டெல்லா ராம்பரைக் கையில் பிடித்தபடியே அவரைப் பார்த்தாள். நான் என் மேஜையிலிருந்து எழுந்து பாதி தூரம் வந்து நின்றுவிட்டேன்.

"அந்த மூலையத் தாங்க சார்" என்றாள்.

அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். உண்மையிலேயே தேடினார். "இல்லீங்களே கண்ணு. லேபுக்குப் போனதத் தொவச்சுக் கிழிச்சுப் பாத்தாச்சுங்க. இன்னொண்ணு பையருகிட்டப் போயிருச்சு."  பிறகு மேஜை மேலிருந்து ஐந்தாறு ராம்பரை எடுத்து அவள் கையில் திணித்தார். "இதுல எத்தன வேணுமோ எடுத்துக்கங்க. அடுத்த கொழந்தைக்கு ஆகுமுங்க."

ஸ்டெல்லா அவற்றை வாங்கிக்கொண்டாள். கைப்பழக்கத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பித் தையலைப் பார்த்தாள். பிசிறு நூலை வெட்டினாள். சரியாக இருந்ததையெல்லாம் பாஸ் அடுக்கில் வைத்தாள். அவர் நிம்மதியாகப் போய்விட்டார்.

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஃபைலில் ஓர் அட்டை இருக்கிறதே, அது துவைக்காதது, பிளாஸ்டிக் கவருக்குள் அப்படியே இருக்கிறதே! அலமாரியைத் திறந்து அட்டையை உருவினேன். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள், அதைத் தொலைத்தால் என் வேலை போய்விடும். போகட்டும் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்டெல்லாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கவரைக் கிழித்துப் பின்னைப் பிடுங்கி, அந்தத் துண்டை அவள் கையில் வைத்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதாக எனக்கு நெஞ்சு விம்மியது.

அவள் அதை மூக்கில் வைத்து வெகுநேரம் மோந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். பிறகு அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். என் கையில் வெறும் அட்டை இருந்தது. அதை வாங்கிப் பார்த்தாள். தன் பெயரைப் படித்தாள்.

"இது உங்க எழுத்துல்லாக்கா?"

நான் தலையாட்டினேன்.

"அவரு வெட்டும்போது நீங்க அங்க நின்னியளா?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் அட்டையை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் செக்கிங்குக்குப் போய்விட்டாள்.

ஃபைலில் சாம்பிள் இல்லாததை நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை, என் வேலை தப்பியது. அந்தத் துண்டை மறுபடி மலைக்குக் கொண்டுபோய் மீதித் துணியோடு வைத்தாளா என்று நான் கேட்கவில்லை. அவள் என்னோடு பேசாமலும் இருக்கவில்லை. காலையில் பார்த்தால், "வாங்கக்கா" என்று சிரிப்பாள். வாய் மட்டும் சிரிக்கும், பல் தெரியாது.

அடுத்த வருசம் அவர் வேறு கம்பெனிக்குப் போனார். போகிற அன்று மேஜை மேஜையாக வந்து கும்பிட்டு விடைபெற்றார். பாதிப் பேர் அழுதார்கள். ஸ்டெல்லாவிடம் வந்து, "நல்லா இருங்க கண்ணு" என்றார். அவள் எழுந்து நின்று, "போயிட்டு வாங்க சார்" என்று சிரித்தாள். தினமும் காலையில் எனக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.